அக்காவுக்குப் பிடித்த வீடு

என் வீட்டுக்காரருக்கு வேலை, வீடுகளுக்குப் பேர் வைக்கிறது. எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. சிரிச்சுட்டீங்களா? சரி, மேல கேளுங்க.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்னு சொல்வாங்க. பேர் வச்சுப் பார்னு ஒண்ணையும் சேர்த்திருக்கணும். புள்ள பொறக்கிறதுக்கு முன்னாடியே பேரு, சின்னம், கலரு, அதுக்குக் கீழ அழகா ஒரு வரி, எல்லாம் வீடு கட்டி விக்கிற முதலாளி கைக்குப் போயாகணும். இப்போ கட்டுற ஒரு அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே ஆரம்பிச்ச ரோதனை. இவர் கொண்டுபோன பேரையெல்லாம் முதலாளி உதட்டைப் பிதுக்கித் திருப்பி அனுப்பினார். ஒரு வாரம் "எடுப்பா இல்லையே"ம்பார், மறுவாரம் "ரொம்ப எடுப்பா இருக்கே"ம்பார். மனுஷன் சாப்பாட்டுத் தட்டு முன்னாடியே தூங்கி விழ ஆரம்பிச்சுட்டார்.

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? ரத்தப் பரிசோதனைக் கூடத்துல நாள் முழுக்க நின்னுக்கிட்டே ஊசி குத்துறவ. ரெண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தா பேசக்கூடத் தெம்பு இருக்காது. எங்க வாடகை வீட்டுச் சமையலறைல ஜன்னலே கிடையாது. பட்டப்பகல்லயும் லைட்டு போட்டாகணும். ஒரு நாள் கரண்டு போன நேரத்துல சூடான சட்டியைத் தொட்டுட்டேன். அன்னிக்கு அடக்க முடியாம அழுதுட்டேன்.

"எனக்குப் பெரிய வீடெல்லாம் வேணாங்க. சமைக்கிற இடத்துல ஒரு ஜன்னல். வெளிய ஒரே ஒரு மரம். மழையா வெயிலான்னு பார்த்துக்கிட்டே வெங்காயம் நறுக்கணும். அவ்வளவுதான் என் ஆசை"ன்னேன்.

அவர் என் கைக்கு மருந்து போட்டுக்கிட்டே தலையாட்டினார்.

கொஞ்ச நாள் கழிச்சு பஸ்ல போய்க்கிட்டிருக்கேன். சிக்னல்ல நிக்கும்போது எதிர்ல பெரிய போர்டு. ஒரு சமையலறை, ஜன்னல், வெளிய மரம். 'சாளரம்'னு பேரு. கீழ, "மழையா வெயிலான்னு பார்த்துக்கிட்டே வெங்காயம் நறுக்கலாம்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் அழுதுக்கிட்டே சொன்னதை ஊரே படிக்குது!

வீட்டுக்கு வந்து பிடிபிடின்னு பிடிச்சேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே விவரம் சொன்னார். அவங்க தொழில்ல ஒரு வழக்கமாம். வாங்கப் போறவங்கன்னு கற்பனையா ஒரு ஆளை உண்டாக்கி, அவ என்ன வேலை பார்க்கிறா, எதுக்கு ஏங்குறான்னு எழுதிச் சுவத்துல ஒட்டிடுவாங்களாம். அப்புறம் எதை முடிவு பண்ணாலும் அவளுக்குப் பிடிக்குமான்னு பார்த்துத்தான் பண்ணுவாங்களாம். இவர் அலுத்துப்போய், கற்பனை வராம, என்னையே எழுதி ஒட்டியிருக்கார். ஆபீஸ்ல அவளுக்கு 'அக்கா'ன்னு பட்டப்பேரு. அக்காவுக்கு இந்தப் பச்சை பிடிக்காது, அக்கா இவ்வளவு பெரிய எழுத்தை ரசிக்க மாட்டாங்கன்னு ஒரே அமர்க்களமாம். முதலாளிக்கும் அக்காவைப் பிடிச்சுப் போச்சாம்.

"அக்கா நிஜமாவே இருக்காங்கன்னு சொல்லிட்டேன். உன்னைக் கேமரா முன்னாடி அதையே சொல்லச் சொல்றார். சொன்னா, முன்பணம் இல்லாம நமக்கு ஒரு வீடு ஒதுக்கறாராம்"னார்.

ஆசை யாரை விட்டுது? கோபமெல்லாம் எங்க போச்சோ தெரியல. லீவு நாள்ல நல்ல புடவையா எடுத்துக் கட்டிக்கிட்டுக் கிளம்பினேன்.

கட்டடம் பாதிதான் எழும்பியிருந்தது. அதுக்கு எதிர்ல, வாங்க வர்றவங்க பார்க்க மாதிரிக்குன்னு ஒரு வீடு தயாரா இருந்தது. கேமராக்காரர் விளக்கெல்லாம் வச்சுக்கிட்டிருந்தார். முதலாளியும் வந்திருந்தார். நான் நேரா சமையலறைக்குப் போனேன். அப்படியே நின்னுட்டேன். ஜன்னல், மரம், இலைமேல வெயில். காத்து வரட்டுமேன்னு ஜன்னல் கதவைத் தள்ளினேன். அசையல. கிட்டப் போய்ப் பார்த்தா மரம் ஒரு படம். பின்னால லைட்டு.

பக்கத்துல வந்த இவரை, "நிஜ வீட்ல இதுக்குப் பின்னால என்ன?"ன்னு கேட்டேன்.

"சந்து. கழிவுக் குழாய் இறங்குற சந்து."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குமா அதே சந்து?"

அவர் ஜன்னல் சட்டத்துல இருந்த தூசியைத் துடைக்க ஆரம்பிச்சார்.

அந்த நேரம் பார்த்து, வீடு பார்க்க வந்த ஒரு அம்மா உள்ள நுழைஞ்சாங்க. தோள்ல கனமா ஒரு பை, கண்ணுக்குக் கீழ கருவளையம். ஜன்னலைப் பார்த்ததும் அவங்க முகம் மலர்ந்துது. எனக்குப் பொறுக்கல. முதலாளி காதுல விழுற மாதிரியே, "ஏமாறாதீங்கம்மா. மரம் வெறும் படம். உங்க வீட்ல அந்த இடத்துல குழாய்தான் வரும்"னேன்.

அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "எனக்குத் தெரியும்மா. எத்தனை வீடு பார்த்துட்டேன், எல்லாத்துலயும் குழாய்தான்"னாங்க. அப்புறம் முதலாளி பக்கம் திரும்பி, "இந்தப் படத்தையும் லைட்டையும் வீட்டோடயே தருவீங்களா?"ன்னு கேட்டாங்க.

உண்மையைச் சொல்றேன், அதே கேள்வி என் நாக்கு நுனியிலயும் இருந்துது. அதை இன்னொருத்தர் வாயால கேட்டதும் எனக்கு வெக்கமாப் போச்சு.

"என்னால சொல்ல முடியாதுங்க. வீடும் வேணாம்"னேன். இவர் முகம் செத்துப் போச்சு. முதலாளி கோபப்படக்கூட இல்ல. அந்தம்மாவைப் பார்த்து, "தரலாம்மா. நீங்க கேமரால ரெண்டு வார்த்தை சொல்றீங்களா?"ன்னார்.

"என்ன சொல்லணும்?"

எல்லாரும் இவரைப் பார்த்தாங்க. இவர் என்னைப் பார்த்தார். எனக்கு வீடு போச்சு, இவருக்கு வேலையும் போகணுமா? "சொல்லிக் கொடுங்க"ன்னேன்.

இவர் ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னார். வெங்காயம்னு வரும்போது குரல் கம்மிச்சு. அந்தம்மா பையைக் கீழ வச்சு, முடியை ஒதுக்கிக்கிட்டு, விளக்கு வெளிச்சத்துல நின்னு சொன்னாங்க. எடுத்த எடுப்புலயே சரியா வந்துது. நான் சொன்னதைவிட நல்லாச் சொன்னாங்க, சொல்லும்போதே அவங்களுக்கு அழுகை வந்துடுச்சு.