பன்னிரண்டாவது குழி

குவாரிக்குள் இறங்கும் பாதையில் மாதேஸ்வரன் கால் வைத்தான். ஒன்பது வருடம் கழித்து இங்கே வருகிறான். சிங்காரப்பேட்டைக்கு மேற்கே, பாறையை வெட்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுப்போன பெரும் பள்ளம். ஒரு காலத்தில் வெடி வைக்கத் துளை போடுவது இதில் அவன் வேலை. குவாரி மூடியபின் ஓசூருக்குப் போனவன், மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறான்.

அவனுடன் வந்திருப்பவள் லிபியா. பாறைகளை ஆராய்ச்சி செய்கிறவள். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அப்பா சூசைதான், "உனக்குத்தான் அந்த எடம் தெரியும் மாதேசு, பாப்பாவ ஒரு நாள் கூட்டிட்டுப் போயிட்டு வா" என்று கேட்டிருந்தார். மறுக்க அவனுக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"எரிமலைக் குழம்பு பூமிக்குள்ளயே உறைஞ்ச எடம் அண்ணா இது. பென்ஸ்டோனைட்டுனு ஒரு வெள்ளைக் கல்லு. உலகத்துலயே ரொம்ப சில எடத்துலதான் இருக்கு" என்றாள் லிபியா.

சரிந்து கிடந்த கற்குவியலில் அவள் ஒவ்வொரு வெள்ளைக் கல்லாக எடுத்து ஒரு சொட்டு அமிலம் விட்டாள். எல்லாம் சோடாவைப்போல் பொங்கின. வெறும் சுண்ணாம்புக் கல். பதினோரு மணி வாக்கில் அகப்பட்ட ஒரு துண்டு மட்டும் மெல்லத்தான் நுரைத்தது. கையில் வைத்துப் பார்த்தாள். அளவுக்கு மீறிய கனம். கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு புற ஊதா டார்ச்சை அடித்தவள், "அண்ணா, வந்து பாருங்க!" என்று கூவினாள்.

மாதேஸ்வரன் துணிக்குள் தலையை விட்டான். கல் தணல்போலச் சிவந்திருந்தது. டார்ச்சை அணைத்த பிறகும் சிவப்பு உடனே போகவில்லை.

லிபியா வெளியே வந்து மேற்குப் பாறைச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். இரண்டாள் உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது. "அங்கேருந்துதான் விழுந்திருக்கு."

அந்தச் சுவர்தான். கடைசி நாள் அதில் பன்னிரண்டு குழிகளில் வெடிமருந்து அடைத்தார்கள். மாதேஸ்வரன் சத்தத்தை எண்ணினான், பதினொன்றுதான் கேட்டது. மேஸ்திரி சென்னப்பனிடம் சொன்னதற்கு, "நீ தப்பா எண்ணியிருப்ப. வாய மூடிக்கினு வண்டில ஏறு" என்றான். மறுவாரம் குவாரியை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து பேப்பரில் இந்த ஊர்ப் பெயரைப் பார்த்தாலே மாதேஸ்வரன் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவான்.

"அங்க வேணாம் மேடம். கல்லு லூசா இருக்கும்."

"ஹெல்மெட் போட்டிருக்கேன் அண்ணா." அவள் பாறை விளிம்புகளில் கால் வைத்து ஏறிவிட்டாள்.

உளியை வைத்து ஒரு அடி. மாதேஸ்வரன் கீழேயே நின்றான். ஒன்பது மழை பெய்திருக்கிறது, மருந்து கரைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் ஒரு செதில் பெயர்ந்து விழ, உளிக்கு ஒரு சாண் தள்ளி, மண் அடைத்த துளையிலிருந்து மஞ்சள் ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது.

"அடிக்காதீங்க! உள்ள மருந்து இருக்கு! போனயும் தொடாதீங்க, சிக்னல் பட்டாலே வெடிச்சிரும்!"

லிபியா ஒயரைப் பார்த்தாள். சுத்தியல் ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. "அண்ணா, கால வைக்க எடம் தெரியல. எறங்க முடியல."

மாதேஸ்வரன் ஏறினான். மஞ்சள் ஒயர் தன் முகத்துக்கு நேரே வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டான். அவள் காலைப் பிடித்து ஒவ்வொரு விளிம்பாக வைத்துவிட்டான். ஒரு கல் நழுவிக் கீழே மோதியது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

மேட்டுக்கு வந்த பிறகுதான் அவள் கேட்டாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"மூணு அடி அடிச்சேன். பாத்துக்கினே நின்னீங்க."

மாதேஸ்வரன் போனை எடுத்தான். அவளுக்கு எதிரிலேயே போலீசுக்குப் போன் செய்து, தன் பெயரையும் தான் பார்த்த வேலையையும் சொன்னான். அவர்கள் வரும்வரை, ஆடு ஓட்டிவந்த ஒரு அம்மாவைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் பாதையில் குறுக்கே நின்றான்.

இரண்டு நாள் கழித்து நிபுணர்கள் வந்து அதை வெடிக்க வைத்தார்கள். வெள்ளைப் பட்டை சுக்குநூறானது. சிதறியதில் நல்ல துண்டுகளை லிபியா பொறுக்கினாள் என்றும், சோதனையில் அது பென்ஸ்டோனைட்தான் என்று உறுதியானது என்றும் மாதேஸ்வரன் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை போய்வந்தான். சென்னப்பனைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

ஒரு காலை ஷிப்டில் சூசை கம்பெனி கேட் அருகே வந்து நின்றார். அடிப்பார் என்று மாதேஸ்வரன் நினைத்தான்.

"கதவு சாத்துற சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடுது அவளுக்கு" என்றார் சூசை. அவன் முகத்தைப் பார்க்காமல் அடையாளக் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போனார்.