வெள்ளிக்கிழமைக் கவளம்

...ஊட்டிவிட்டாளே, ஸ்பூனால்கூட இல்லை, விரலால், என் கண் முன்னாலேயே, ரசம் பொங்குகிறதே என்று அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் என் பிள்ளை வாயில் அவள் கை... பெயர் மெசரெட்டாம், எத்தியோப்பியாவிலிருந்து படிக்க வந்தவள், ஷ்ரவணும் அவளும் ஒரே லேபில் பி.எச்டி. செய்கிறார்கள், எங்க ஊர் சாப்பாட்டை அம்மாவுக்குக் காட்டணும் என்று மயிலாப்பூர் வரைக்கும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், நானும் அசடு மாதிரி வாம்மா வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் ஷ்ரவணுக்குப் பெண் பார்க்கப் போகிறோம், நல்ல இடம், ஜாதகம் பொருந்தியிருக்கிறது, இவனோ ‘உன் இஷ்டம்மா’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த இஷ்டம் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை, ஆசை இருக்கிற பிள்ளை போட்டோவை இன்னொரு தடவை கேட்கமாட்டானா? இப்போது புரிகிறது... புரிகிறதா? வந்ததிலிருந்தே எனக்கு உறுத்தல்தான். ஆசையாகக் காபி கலந்து கொடுத்தால் தொடவில்லை, புதனும் வெள்ளியும் விரதமாம், பால் தயிர் நெய்கூடக் கூடாதாம், முட்டை இறைச்சியைப் பற்றிப் பேச்சே இல்லையாம், சர்ச்சுக்குப் போகிற பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை விரதமா, நானே ஏகாதசியன்று காபியை விடாதவள், என்னை மயக்குவதற்கென்று இவன்தான் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்தானோ...

நேராகக் கேட்டால் இவன் எரிந்து விழுவான், ஊர்ச் சமாசாரம் விசாரிப்பது போலக் கேட்டேன், “ஏம்மா, உங்க ஊர்ல யாருக்கு வேணா இப்படி ஊட்டி விடுவாளா?” அவள் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சிரித்தாள். “ஆமா ஆன்ட்டி, அதுக்குப் பேரு குர்ஷா.” பெரியவர், சின்னவர், விருந்தாளி என்று பார்ப்பதில்லையாம், எல்லாரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, பிரியத்தில் ஒருத்தர் வாயில் ஒருத்தர் கவளம் வைப்பார்களாம், சைதாப்பேட்டையில் அவள் குடியிருக்கிற வீட்டு டயானா அக்காவுக்கும் ஊட்டியிருக்கிறாளாம். ஒரே தட்டு! நாலு பேர் கையும் அதிலே! எச்சில் என்று ஒன்று இல்லையா இவர்களுக்கு? தட்டு முழுக்கத் தோசை மாதிரி ஒன்று, இஞ்செராவாம், மேலெல்லாம் கண்கண்ணாக ஓட்டை, நம் வீட்டு மாவு புளித்துப்போனால் அடிக்கிற அதே வாசனை, அதன் நடுவே கடலைமாவுக் குழம்பு. “வேண்டாம்னு சொல்லிட்டா?” என்றேன். “மனசு கஷ்டமா கீது ஆன்ட்டி.” கீதாமே! டயானா அக்கா தமிழ் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அப்படியானால் காதல் கீதல் இல்லை, வெறும் உபசாரம், எனக்கு அப்பாடா என்று இருந்தது, சத்தியமாக... ஆனால் கேட்டவுடனே பதில் வருகிறதே, தயாராக வந்திருக்கிறாளோ? கல்யாணமெல்லாம் எப்படி என்று அடுத்ததைப் போட்டேன். பையன் வீட்டில் பெரியவர்களை அனுப்பிப் பெண் கேட்பார்களாம், பெண் வீட்டில் உடனே சரி சொல்லாமல் இன்னொரு நாள் வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்களாம். அவள் சொல்லச் சொல்ல ஷ்ரவண் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கதையை முன்னாலேயே கேட்டிருக்கிறானோ? எதற்குக் கேட்டான்?

“இப்ப உங்களுக்கு,” என்று அவள் ஒரு கவளத்தைச் சுருட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கபாலீஸ்வரா! இவன் அப்பா இருந்தவரைக்கும் ஒரு மைசூர்பாகைக்கூட என் வாயில் வைத்ததில்லை, கையில்தான் கொடுப்பார், நான் நாற்காலியோடு பின்னுக்குப் போனேன், மாட்டேன் என்று சொன்னால் என்ன, என்ன ஆகிவிடும், வந்த பெண்ணை அம்மா அவமானப்படுத்திட்டா என்பான், அப்புறம் நிஜமாகவே அவள் பக்கம் போய்விடுவான்... “வாங்கிக்கோம்மா,” என்றான் ஷ்ரவண், கெஞ்சுகிற குரலில், அவன் என்னிடம் அப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. வாயைத் திறந்தேன். புளிப்பு, சுருக்கென்று காரம், உதட்டில் அவள் விரல் பட்டது. கவளம் பெரிசாக இருந்தால்தான் பிரியம் அதிகமாம், என் கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. அவள் கைதட்டிச் சிரித்தாள், கள்ளமில்லாத சிரிப்பு, பாவம், இந்தப் பெண்ணையா சந்தேகப்பட்டேன், அவள் ஊர் வழக்கம், டயானாவுக்குச் செய்தாள், எனக்குச் செய்தாள், அவனுக்கும் செய்தாள், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இவன்? நான் வாய்வைத்துக் குடித்த தம்ளரைக் கழுவிக் கொடுத்தாலும் முகர்ந்து பார்க்கிறவன், ஹாஸ்டலில் தனித்தட்டு வாங்கி வைத்துக்கொண்டவன், அவள் கை நீண்டபோது இதென்ன என்று கேட்டானா, முழித்தானா, என்னை மாதிரிப் பின்னுக்குப் போனானா... அவளுக்கு அது வழக்கம், சரி, இவனுக்கு எப்போதிலிருந்து? ஷ்ரவண் என்று கூப்பிடப் பார்த்தேன், குரல் வரவில்லை, வாய் நிறைய அவள் வைத்த கவளம், மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை, அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்...