தந்தி வந்தா குடுக்காதீங்கடி

ஹாஸ்டல்ல இருந்த மூணு வருஷத்தப் பத்தி யாராவது கேட்டா போதும், ஒரு மணி நேரம் சிரிச்சிகினே சொல்லுவேன். திருத்தணியில மலைக்குப் போற தெருவுல ஒரு மாடி வீட்ட வாடகைக்கு எடுத்து மகளிர் விடுதின்னு போர்டு மாட்டியிருந்தாங்க. பதினெட்டு பொண்ணுங்க, ரெண்டே ரெண்டு பாத்ரூம். காலையில ஒருத்தி உள்ள போனா வெளியில நாலு பேரு கதவத் தட்டிகினு நிப்போம். சமையல்கார வள்ளியம்மாள் வைக்கிற சாம்பார்ல பருப்பக் கண்டுபிடிச்சா அன்னைக்கு அவ அதிர்ஷ்டக்காரி. ஆடிக் கிருத்திகைக்குத் தெருவே காவடியா இருக்கும், அரோகரா சத்தத்துல படிக்க முடியலன்னு சொல்லி மொட்டை மாடியில உக்காந்து வேடிக்க பாப்போம். கிருத்திக முடிஞ்ச பெறவும் ஒரு வாரத்துக்கு அதே சாக்குதான்.

இதெல்லாம் சொல்லுவேன். தந்தி விஷயத்த மட்டும் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. எட்டு வருஷம் ஆயிடுச்சி. இனிமேயும் உள்ளயே வெச்சிகினு இருந்தா எனக்குத் தாங்காது.

என் பேரு தமயந்தி. ஊரு மணவூர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எல்லா விஷயத்துலயும் நான் சொல்றதுதான் சட்டம்னு நெனைக்கிற ஜாதி. எங்க ரூம்ல மூணு பேரு. நானு, ரஞ்சிதம், அப்புறம் சுலோச்சனா. ரஞ்சிதம் பயந்தாங்கொள்ளி, பல்லி கத்தினாலே போர்வையக் கட்டிக்குவா. சுலோச்சனா அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் பொண்ணு. அவங்க தெருவுல காலேஜுக்கு வந்த மொத பொண்ணு அவதான். மொத நாளு அவங்க நைனா பஞ்சாட்சரம், தகரப் பொட்டியத் தலையில வெச்சிகினு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்தே வந்தாரு. பொட்டிய எறக்கி வெச்சிட்டு, ரூம்ல இருந்த என்னைப் பாத்து, "இது வீட்ட விட்டு இருந்ததே இல்லம்மா. நீ கொஞ்சம் பாத்துக்கோ"ன்னாரு. அன்னைக்கே எனக்குத் தலையில கிரீடம் வெச்ச மாதிரி ஆயிடுச்சி. அப்புறம் மாசா மாசம் பஸ்ஸுல வருவாரு. ஒரு டப்பா முறுக்கு, ஒரு பாட்டில் எண்ணெய். பத்து நிமிஷம் நின்னு பொண்ண மேலயும் கீழயும் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிடுவாரு.

ரெண்டாவது வருஷம் பரீட்சை நேரத்துல பக்கத்து ரூம் அம்முவுக்குத் தந்தி வந்துச்சி. மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி. பாவம், செருப்புகூடப் போடாம அழுதுகினே ஓடினா. அங்க போய்ப் பாத்தா அம்மாக்காரி குத்துக்கல்லாட்டம் உக்காந்து அதிரசம் சுட்டுகினு இருந்தாளாம். வாசல்ல பந்தல். மூணாம் நாள் கல்யாணம். ஒரு மாசம் கழிச்சி புருஷனோட வந்து பொட்டிய எடுத்துகினு போனா, எங்க யாரையும் நிமிந்து பாக்கல. அவளுக்கு மட்டுமில்ல, அந்தப் பக்கத்துல நெறைய பொண்ணுங்களுக்கு இதே தந்திதான். பொண்ணு படிப்ப நிறுத்தணும்னா வீட்டுல யாருக்காவது சீரியஸ் ஆயிடும்.

அன்னைக்கு எங்க ரூம்ல உக்காந்து ஒரு முடிவு பண்ணோம். பரீட்சை நடக்கறப்ப யாருக்குத் தந்தி வந்தாலும் கையெழுத்துப் போட்டு வாங்கி மறைச்சி வெச்சிடணும். கடைசி பேப்பர் எழுதின பெறவுதான் குடுக்கணும். இத மொதல்ல சொன்னது நான் இல்ல. சுலோச்சனாதான். "எனக்கு வந்தாலும் குடுக்காதீங்கடி. நான் கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காதீங்க"ன்னு சொல்லி, மலையப் பாத்து மூணு பேரையும் சத்தியம் பண்ண வெச்சா.

எழுபத்தேழாம் வருஷம், ஏப்ரல் மாசம். கடைசி வருஷத்துக் கடைசி பேப்பர், ஐரோப்பிய வரலாறு. மத்தியானம் ரெண்டு மணிக்கு. வெய்யில் மண்டையப் பொளக்குது. சுலோச்சனா மொட்டை மாடியில தண்ணித் தொட்டி நெழல்ல நடந்து நடந்து சத்தமாப் படிச்சிகினு இருந்தா. பத்தே முக்காலுக்கு வாசல்ல சைக்கிள் மணி. தந்திக்காரர்.

"சுலோச்சனா யாரும்மா?"

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. "நான்தாங்க"ன்னு கையெழுத்துப் போட்டேன்.

ரூமுக்குள்ள வந்து கதவச் சாத்திட்டு நானும் ரஞ்சிதமும் பிரிச்சிப் பாத்தோம். ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி. கீழ அனுப்பினவரு பேரு, கஜபதி.

எனக்குச் சிரிப்பே வந்துடுச்சி. கஜபதி யாரு? சுலோச்சனாவோட அத்தை பையன், அவளோட பாவா. பத்து நாளுக்கு முன்னாடிதான் சுலோச்சனாவோட அம்மா யாரையோ வெச்சி எழுதின கடுதாசி வந்துச்சி. ஆவணியில கஜபதிக்கும் உனக்கும் முடிச்சிடலாம்னு பேச்சு நடக்குதுன்னு அதுல இருந்துச்சி. நைனாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு வரி இல்ல. சுலோச்சனா அதப் படிச்சிட்டு, "பாவா நல்லவருதான்டி. ஆனா பி.எட். முடிச்ச பெறவுதான் எதுவும்"னு சொல்லி மடிச்சி வெச்சிட்டா.

"பாத்தியா அக்குறும்ப! மாப்பிள்ளையே தந்தி அடிக்கிறாரு. ஆவணி வரைக்கும் பொறுக்க முடியல போல" ன்னேன்.

ரஞ்சிதம் மூஞ்சி வெளுத்துப் போச்சி. "தமா, நெசமா இருந்தா?"

"அம்முவுக்கு வந்தது நெசமா?"

"அது வேற இது வேற. அவங்க நைனாவ நமக்குத் தெரியும். பொய் சொல்ற ஆளாடி அவரு?"

மாடியிலேர்ந்து சுலோச்சனா குரல் கேட்டுகினே இருக்குது. பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் ஐந்து. ஒன்று, வரிச்சுமை. இரண்டு, மன்னரின் ஊதாரித்தனம். அவங்க ஊர்க்காரங்க யாராவது கெடச்சா கேட்டுப் பாக்கலாம்னு தோணிச்சி. இங்க் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பதினொண்ணே காலுக்குக் கெளம்பற அம்மையார்குப்பம் பஸ் அங்கதான் நின்னுகினு இருந்துச்சி. நூல் வாங்க வந்துட்டு ஊருக்குத் திரும்பற வேதாசலம் அதுல உக்காந்திருந்தாரு. அவரு ரெண்டு தடவ பஞ்சாட்சரத்தோட ஹாஸ்டலுக்கு வந்தவரு, எனக்குத் தெரியும்.

ஜன்னலண்ட போயி, "சுலோச்சனா நைனா எப்படி இருக்காருங்க?"ன்னு கேட்டேன்.

"பஞ்சாட்சரமா? நல்லாத்தான் இருக்காரு. நேத்து சாயந்திரம் டீக்கடையில ஒண்ணாதானே உக்காந்திருந்தோம். ஏம்மா?"

"சும்மாதாங்க"ன்னேன்.

நேத்து சாயந்திரம்னு அவரு சொன்னாரு. இன்னைக்குக் காலையிலன்னு சொல்லல. அது என் காதுல விழுந்துச்சி, புத்தியில ஏறல. ஏற நான் விடல, அதுதான் நெசம். நான் செஞ்சது சரின்னு சொல்ல ஒரு ஆளு கெடச்சாச்சி, அது போதும் எனக்கு. கண்டக்டர் விசில் அடிச்சாரு. பஸ் கெளம்பிச்சி. அது ரோடு திரும்பற வரைக்கும் பாத்துட்டு, ஒரு இங்க் பாட்டில வாங்கிகினு திரும்பி வந்தேன்.

தந்தியப் பொட்டியில வைக்க முடியல. எங்க மூணு பேரு பொட்டிக்கும் ஒரே சாவிதான், யாரு எத வேணா தொறப்போம். அதனால நாலா மடிச்சி இடுப்புல செருகிகினேன். மத்தியானம் சாப்பாட்டுல சுலோச்சனா என் எலயில ஒரு அப்பளத்த வெச்சி, "என்னாடி இன்னைக்கு வாயே தொறக்க மாட்டேங்கற? பயமா?"ன்னா. "ஆங், பயம்தான்"னேன். பொய் இல்ல.

பரீட்சை ஹாலு கீழ் தளத்துல. எனக்கு ஜன்னலோரம். சுலோச்சனா எனக்கு ரெண்டு பெஞ்சு முன்னாடி, ரஞ்சிதம் கடைசியில. கேள்வித்தாள் குடுத்த ஒடனே சுலோச்சனா திரும்பி என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா. ரெண்டாவது கேள்வி பிரெஞ்சுப் புரட்சி. நானும் எழுத ஆரம்பிச்சேன். வரிச்சுமைன்னு எழுதினேன். அதுக்கு மேல ஓடல. வேர்வையில அந்தக் காகிதம் இடுப்புல ஒட்டிகினு குத்துது. கை தானா அங்க போவுது. மூணாவது தடவ போனப்ப சூப்ரவைசர் பாத்துட்டாரு. பிட்டு வெச்சிருக்கேன்னு நெனச்சாரு போல, வந்து என் பெஞ்சண்டயே நின்னுட்டாரு. அவரு மட்டும் எடும்மா அதன்னு சொல்லியிருந்தா, அந்த ஹால்லயே எல்லாம் வெளிய வந்திருக்கும். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு நகந்து போனாரு.

மூணரை இருக்கும். ஜன்னல் வழியாப் பாக்கறேன், காலேஜ் கேட்டுக்கிட்ட ஒரு ஆளு வாட்ச்மேன்கிட்ட ஏதோ கேக்கறாரு. கஜபதி. போன தீபாவளிக்கு முறுக்கு டப்பா கொண்டாந்து குடுத்தவரு, பாத்ததும் தெரிஞ்சிபோச்சி. அப்பவும் எனக்குக் கோவம்தான் வந்துச்சி. தந்திக்கு வரலன்னதும் ஆளே வந்துட்டாரு பாரு, கையோட இழுத்துகினு போக. உள்ள வரட்டும், நானா அவரான்னு பாத்துடறேன்.

அவரு உள்ள வரல. வாட்ச்மேன் எங்க ஹாலக் கையக் காட்டினாரு. கஜபதி இந்தப் பக்கம் ஒரு தடவ பாத்தாரு. அப்புறம் கேட்டுக்கு வெளிய இருந்த புங்க மரத்தடியில போயி தரையில உக்காந்தாரு. துண்ட எடுத்து மூஞ்சிய மூடிகினாரு. தோள் ரெண்டும் குலுங்கிச்சி.

எனக்கு அப்ப தெரிஞ்சிடுச்சி. முன்னாடி சுலோச்சனா அடிஷனல் பேப்பர் கேட்டு எழுந்து நிக்கறா. வாங்கிகினு உக்காந்து மறுபடியும் எழுதறா. ஒன்றரை மணி நேரம், அவ முதுகையும் அந்த மரத்தடியையும் மாத்தி மாத்திப் பாத்துகினே இருந்தேன். எழுந்து போயி சொல்லிடலாம்னு எத்தனையோ வாட்டி தோணிச்சி. சொல்ல வாய் வரல. அவ்ளோ பெரிய வாயி, அன்னைக்கு ஒட்டிகிச்சி.

அஞ்சு மணிக்கு மணி அடிச்சிச்சி. சுலோச்சனா வெரலெல்லாம் இங்க்கோட ஓடி வந்து என் கையப் புடிச்சிகினா. "அஞ்சு காரணமும் எழுதிட்டேன்டி தமா! முடிஞ்சிது! நைனாகிட்ட மொதல்ல சொல்லணும்." அப்படியே என்னையும் ரஞ்சிதத்தையும் இழுத்துகினு கேட்டுக்கு வந்தா. கஜபதி எழுந்து நின்னாரு.

"பாவா? நீங்க எங்க இங்க?"

அவரு துண்டக் கையில சுத்திகினே இருந்தாரு. "நைனா போயிட்டாரு, சுலோ."

அவ கத்தல. கேக்காத மாதிரி நின்னா.

"காலையில தறியில உக்காந்தவரு, நெஞ்சு வலின்னு சாஞ்சிட்டாரு. நான் சைக்கிள்ல போயி தந்தி குடுத்தேன். வர்லியா?"

"வர்லியே பாவா."

"சரி, வழியில எங்கியாவது நின்னிருக்கும். நான் இங்க வந்தப்ப நீ எழுதிகினு இருக்கேன்னாங்க. இனிமே அவசரம் என்னா இருக்குது, எழுதட்டும்னு உக்காந்துட்டேன்."

அந்த எடத்துல நான் தப்பிச்சிருக்கலாம். தந்தி ஆபீசு மேல பழி போயிடுச்சி, நான் வாய மூடிகினு நின்னா போதும். ரஞ்சிதம் என் கையக் கிள்ளிகினே இருந்தா. சொல்லச் சொல்றாளா, சொல்லாதேங்கறாளா, இன்னைக்கும் எனக்குத் தெரியாது. இடுப்புலேர்ந்து அத எடுத்து சுலோச்சனா கையில வெச்சேன். வேர்வையில ஊறிப்போயிருந்துச்சி.

அவ பிரிச்சிப் படிச்சா. மேல எழுதியிருந்த நேரத்தப் பாத்தா. "பத்தரைக்கே வந்திருக்குது" ன்னா. அப்புறம், "பதினொண்ணே காலுக்கு பஸ் இருந்திச்சில்ல" ன்னா, யாரையும் பாக்காம.

"எத்தன மணிக்கு பாவா?"

"ஒன்றரைக்கு."

அந்த பஸ் பன்னெண்டரைக்கெல்லாம் ஊருக்குப் போயிடும்.

"என்னைக் கேட்டாரா?"

கஜபதி என்னைப் பாத்தாரு. எனக்கு எதுர சொல்ல அவருக்கு இஷ்டமில்ல. "உடு சுலோ."

"சொல்லுங்க பாவா."

"கேட்டுகினேதான் இருந்தாரு. ரோட்டுல ஆரன் சத்தம் கேக்கறப்பல்லாம், பஸ் வந்துச்சான்னு கேட்டாரு. வந்துகினு இருக்குது மாமான்னு சொன்னேன்."

நான் அவ கால்ல விழுந்துட்டேன். "அடிடி என்னை. செருப்பால அடி"ன்னு கத்தினேன். பரீட்சை எழுதிட்டு வந்தவங்க எல்லாம் சுத்தி நின்னு பாக்கறாங்க. சுலோச்சனா குனிஞ்சி என் தோளப் புடிச்சித் தூக்கினா.

"நான்தானே குடுக்காதேன்னு சொன்னேன்" ன்னா.

அவ அடிச்சிருந்தா எனக்கு எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

அஞ்சரை பஸ்ஸுல நானும் அவளோட ஏறிட்டேன். ரஞ்சிதம் வார்டன்கிட்ட சொல்ல ஹாஸ்டலுக்கு ஓடினா. கஜபதி முன்னாடி சீட்டுல உக்காந்தாரு. சுலோச்சனா ஜன்னலண்ட, நான் பக்கத்துல. ஒரு மணி நேரம் அவ ஒரு சொட்டு கண்ணீர் விடல. வெரல்ல இருந்த இங்க்க மட்டும் தேச்சிகினே இருந்தா. அத நிறுத்தச் சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இல்ல.

ஏரிக்கரை திரும்பினதும் டிரைவர் ஆரன் அடிச்சாரு. ஸ்டாப்புல ஊரு சனமே நின்னுகினு இருந்துச்சி. எங்களப் பாத்ததும் அதுல ஒருத்தர் அவங்க தெருப் பக்கம் திரும்பி, உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி கத்தினாரு.

"பஸ் வந்துச்சி! பஸ் வந்துச்சி!"

சுலோச்சனா அப்பதான் அழுதா. "நைனா, பஸ் வந்துச்சி நைனா"ன்னு சொல்லிகினே எறங்கி ஓடினா. நான் படிக்கட்டுல நின்னேன். எனக்கு அந்த ஊர்ல காலு வைக்கத் தைரியம் இல்ல.