ஒன்பதை அழுத்தவும்

உத்திரமேரூர் டிராக்டர் ஷோரூமில் சர்வீஸ் நாள் வந்தவர்களுக்குப் போன் போட்டுச் சொல்வதுதான் என் வேலை. போன மாதம் சாப்ட்வேரைப் புதுப்பித்தார்கள். இப்போது அதுவே போன் போடுகிறது, என் குரலில். ஒருநாள் என்னை உட்காரவைத்துப் பதிவு செய்துகொண்டார்கள்.

"இனிமே உனக்கு நிம்மதி, ஏஞ்சல்" என்றார் மேனேஜர்.

நிம்மதியாம். அன்றிலிருந்து என் மேசைப் பக்கம் சத்தம் போடுவது ஃபேன் மட்டும்தான்.

நேற்று மானாம்பதி வீராசாமி பஸ் பிடித்து வந்தார். மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பவர். முன்பெல்லாம் நான் போன் போட்டால் டிராக்டர் பேச்சை விட்டுவிட்டு மழை, மாடு, முட்டிவலி என்று எல்லாம் பேசுவார். எனக்கும் போனை வைக்க மனம் வராது.

"இன்னாம்மா, என் மேல கோவமா? நீ பாட்டுக்குப் பேசிக்கினே போற. நான் கேக்கறதுக்குப் பதிலே சொல்ல மாட்டேன்ற."

"அது மிஷின் நைனா. பதில் சொல்லாது. ஒன்பதை அமுக்கினா சொன்னதையே திரும்பச் சொல்லும், அவ்ளோதான்."

"அமுக்கினேன். அதையேதான் சொல்லிச்சு. மறுபடியும் அமுக்கினேன்."

"அப்படி இன்னா கேட்டீங்க?"

"சாப்ட்டியான்னு."

பேச்சை மாற்ற, டிராக்டரை எப்போது சர்வீஸுக்குக் கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"அதைப் போன தைக்கே வித்துட்டேன்" என்றார். "என் நம்பரை மட்டும் எடுத்துடாதம்மா."