ஹாஜிரா எண்ணாத வண்டிகள்

என் கணவர் லோகனுக்குத் தலைவர் பதவி கிடைத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்குத் தலைவராகி ஒரு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வருஷமாக எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது.

கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு எங்களுடையது. செம்பனைத் தோட்டத்தை அழித்து டெவலப்பர் வீடு கட்டினான். கட்டினான், கட்டினான், இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறான். வெளியே போக மட்டும் அதே பழைய தோட்டத்து ரோடு, அதன் முனையில் ஒற்றைப் பாலம். ரோட்டின் இரண்டு பக்கமும் பெரிய கால்வாய். காலையில் ஒரு லோரி படுத்தால் தீவே படுத்துவிடும்.

மற்றவர்களுக்கு அது எரிச்சல். எனக்குப் பயம். தலைப்பிள்ளை ஆபரேஷனில் பிறந்தவன். இரண்டாவது வயிற்றில் இருந்தபோது டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். "வலி வந்தா உடனே வந்துடணும்மா. லேட் பண்ணா பழைய தையல் பிரிஞ்சிடும். ரெண்டு உயிருக்கும் ஆபத்து." அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தப் பாலம்தான்.

இரண்டாவது ரோடு கேட்டு லோகன் நடையாய் நடந்தார். கடைசியில் அதிகாரிகள், "வண்டிகளை எண்ணிப் பார்ப்போம், நெரிசல் இருந்தால் ரோடு" என்றார்கள். எண்ணப்போகும் நாளையும் சொன்னார்கள். சொல்லியிருக்கக் கூடாது.

லோகன் வாட்சப்பில் படை திரட்டினார். லீவு போட்டாவது எல்லாரும் வண்டி எடுக்க வேண்டும். பாலம் தாண்டி, அந்தப் பக்க ரவுண்டபவுட்டைச் சுற்றித் திரும்பி வந்து, மறுபடியும் போக வேண்டும். எங்கள் தாமானில் கேட்டரிங் நடத்தும் குரு, தன் லோரியைக் காலியாகவே ஓட்ட ஒப்புக்கொண்டான்.

"ஏங்க, இது ஏமாத்து வேல இல்லையா?" என்றேன்.

"அடுத்த வருஷம் வரப்போற ஜாமை இன்னிக்கே காட்டுறோம் லா. அட்வான்ஸ்."

அன்று காலை பாலத்தின் முகப்பில் குடைக்குக் கீழே உட்கார்ந்து எண்ணியவர் ஹாஜிரா. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம். இவர் மட்டும் வண்டி எண்ணும் வேலைக்கு வந்துவிட்டார். ஊர்வலம் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பார்த்து எனக்கு வலி வந்தது, குறித்த தேதிக்கு முந்தியே.

"என்னங்க!" என்று நான் போட்ட கத்தலில் லோகன் போனை எடுத்தார். ஆஸ்பத்திரிக்கு இல்லை, சங்க குரூப்புக்கு! "விஷ்ணுப்ரியாவுக்கு வலி வந்துருச்சு. எல்லாரும் ஓட்டுறத நிறுத்திட்டு ரோட்டைக் காலி பண்ணுங்க."

நம் ஆட்களுக்கு முதல் பாதி போதும். ஒருத்திக்கு வலி என்றால் காலி பண்ணவா செய்வார்கள்? கூட வந்து நிற்பார்கள். அத்தனை வண்டியும் நடு ரோட்டில் திரும்பி என் வீட்டுக்குக் கிளம்பியது. அதற்குள் நாங்கள் காரில் கிளம்பியிருந்தோம். வீட்டில் என்னைக் காணாதவர்கள் மறுபடி திரும்பி எங்கள் காருக்குப் பின்னால் வந்தார்கள். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் திரும்ப முயன்ற குருவின் லோரி, பின்சக்கரம் கால்வாயில் இறங்கி ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது.

முன்னால் லோரி, பின்னால் ஊர். நடுவில் நான். பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா ஓடி வந்து, ஜன்னலுக்குள் கையை விட்டு என் நெற்றியில் விபூதி பூசினார்.

"பயப்படாதம்மா, நாங்க எல்லாரும் இருக்கோம்ல!"

"அதான்க்கா பிரச்சனையே!"

லோகன் காரைவிட்டு இறங்கினார். என்னைத் தாங்கிப் பிடிக்கத்தான் என்று நினைத்தேன். மனுஷன் நடு ரோட்டில் நின்று, "ரிவர்ஸ் லா, ரிவர்ஸ்!" என்று கை காட்ட ஆரம்பித்தார். தலைவர் இல்லையா!

குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தது ஹாஜிராதான். என் முகத்தைப் பார்த்தார், கதவைத் திறந்தார்.

"நடக்க முடியுமாம்மா? என் காரு பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது."

"அங்க ஏன் நிறுத்துனீங்க?"

"இந்த ரோட்டை நம்பி யாரு உள்ள கொண்டு வருவா?"

லோரியை ஒட்டி நுழைந்து பாலத்தில் ஏறினோம். ஒவ்வொரு வலிக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு டெவலப்பரை, லோகனை, லோகனின் பரம்பரையைத் திட்டினேன். "நல்லாத் திட்டும்மா, ஆனா நிக்காத" என்று ஹாஜிரா என் இடுப்பை அணைத்து நடத்தினார்.

கிள்ளானில் நேராக ஆபரேஷன் அறை. பெண் பிள்ளை. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

போன வாரம் சங்கக் கூட்டத்தில் அதிகாரிகள் முடிவைச் சொன்னார்கள். அன்று காலை வண்டிகள் சுற்றிச் சுற்றி ஓடினவே தவிர, நெரிசல் என்று எதுவும் பதிவாகவில்லையாம். ரோடு அடைத்துக் கிடந்த நேரத்துக்கான தாள் மொத்தமும் வெறுமையாக இருந்தது, ஏனென்றால் குறிக்க வேண்டியவர் என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாவது ரோடு தேவையில்லை என்று முடித்துவிட்டார்கள்.

லோகன் வீட்டுக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். "அந்தம்மா மட்டும் எழுந்து போகாம உக்காந்து எண்ணியிருந்தா, நமக்கு ரோடு கெடச்சிருக்கும் லா."

தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இப்ப சொல்லுங்க," என்றேன்.