பின்பாக்கெட் பொத்தான்

வியாழக்கிழமை காலை ஷௌகத் பாயைத் திருப்பிப் படுக்க வைத்தபோதுதான் அதைப் பார்த்தேன். வலது பக்கம், உட்காரும் எலும்புக்கு நேராக, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. கட்டை விரலால் அழுத்தி எடுத்தேன். அழுத்தினால் அந்த இடம் ஒரு நொடி வெளுக்க வேண்டும். வெளுத்தால் பயமில்லை. இது வெளுக்கவில்லை; உள்ளே புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம்.

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் இல்லத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் முதுகுத்தண்டில் அடி. அவர்களைக் குளிப்பாட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது, காலையும் மாலையும் தோலைப் பார்ப்பது என் வேலை. இதற்கு முன் ஒன்பது வருஷம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்த்தேன். கோணல் போல்ட் ஒன்றைக்கூடப் பாஸ் பண்ணியதில்லை என்று இன்றைக்கும் பீற்றிக்கொள்வேன்.

ஷௌகத் பாய் காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி வைத்திருந்தவர். மூன்று வருஷம் முன்பு ஜூஜுவாடி பக்கத்தில் அவர் வந்த வேன் கவிழ்ந்தது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. ஆணி குத்தினாலும் தெரியாது. முதல் வருஷம் இதே மாதிரி ஒரு சிவப்பு முற்றிப் புண்ணாகி, நான்கு மாதம் குப்புறக் கிடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் ஸோயாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை கையைப் பிடித்துப் பெண்ணை ஒப்புக்கொடுக்க வேண்டியவர் இவர். "எங்க ஊர்க்காரங்க எல்லாம் என்னைய படுக்கையிலதான் பாத்துட்டுப் போயிருக்காங்க. ஒரு நாளு உக்காந்து பாக்கட்டுமே" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்காகவே வீல்சேரில் உட்காரும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று மணி நேரம் வரை கொண்டுவந்திருந்தோம்.

காரணத்தைத் தேடினேன். முந்தின நாள் அவர் போட்டு வீல்சேரில் உட்கார்ந்து பார்த்த புது பேண்ட் கொடியில் தொங்கியது. ஸோயா தைத்து அனுப்பியது. பின்பாக்கெட்டில் கெட்டியாக ஒரு பொத்தான். பின்பாக்கெட் கூடாது, பொத்தான் கூடாது, தடித்த தையல் கூடாது என்று வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் வகுப்பெடுப்பவள் நான். அந்த பேண்டை மாட்டிவிட்டதும் நான்தான். வீடியோ காலில் ஸோயா அழகு பார்க்க, நானும் கூட நின்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் சரோஜம்மாள் வந்து பார்த்தார். "வெளுக்குற வரைக்கும் உக்கார வைக்காத. ஞாயித்துக்கெழம காலையில பாரு. உன் விரல் சொல்றதுதான் முடிவு." பொத்தானைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அதை அறுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று நாள் பாய் குப்புறக் கிடந்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அழுத்திப் பார்த்தேன். நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. ஆனால் வெளுக்கவில்லை. நான்கு தடவை அழுத்தினேன்.

"வெளுத்துடுச்சின்னு சொல்லிடேன் மேகலா" என்றார் தலையணைக்குள்ளிருந்து. "யாருக்குத் தெரியப் போவுது?"

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. என் தப்புக்கு இவர் ஏன் படுத்துக் கிடக்க வேண்டும்? ஆனால் அந்த நான்கு மாதமும் அவருக்குப் புண் கழுவியவளும் நான்தான்.

"வெளுக்கல பாய்" என்றேன். பொத்தானை எடுத்து அவர் கண்முன் வைத்தேன். "இதுதான் அழுத்தியிருக்கு. பாக்காம மாட்டிவிட்டது நான். சிஸ்டர்கிட்டயும் சொல்லல."

பொத்தானை எடுத்து விரலில் உருட்டினார். "எனக்குத் தெரியும்" என்றார். "சேர்ல கைய ஊனி இடுப்பத் தூக்குறப்ப வெரல்ல இது தட்டுச்சு. சொல்லியிருந்தா நீ கழட்டியிருப்ப. புள்ள பாத்துக்கிட்டு இருந்தா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயில் வந்தபடி திட்டினேன். நான் ஓய்ந்ததும், "சரி, குப்புற வண்டிய எடு. நேரமாவுது" என்றார்.

குப்புற வண்டி என்றால் இடுப்பு உயரத்தில் மெத்தை போட்ட கட்டில். முன்பக்கம் இரண்டு பெரிய சக்கரம். குப்புறப் படுத்தபடியே கையால் உருட்டிக்கொண்டு போகலாம். முதல் வருஷம் எங்கள் இல்லத்துக் கூடத்துக்குள்கூட அதில் வரவே கூசியவர் அவர்.

காவேரிப்பட்டினம் மண்டபத்தில் வேனிலிருந்து இறக்கியதும் நான் தள்ளப் போனேன். வேண்டாம் என்றார். புது ஜிப்பாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நெஞ்சுக்குத் தலையணை வைத்துத் தலையைத் தூக்கி, தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். ஒரு கிழவர் எழுந்து வழி விட்டார். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை உமைர் எழுந்து வந்து வண்டியின் முன் முட்டி போட்டான். பாய் கையை நீட்டினார். உமைரின் கையைப் பிடித்துக்கொண்டார். நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் சொல்லச் சொல்ல, வார்த்தை பிசகாமல் சொன்னார்.

எல்லாம் முடிந்தபின் ஸோயா பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். பட்டுப்புடவையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராக முகத்தை வைத்தாள். "என்னாச்சு அத்தா? உக்காந்து வருவேன்னீங்களே" என்று அழுதாள்.

"மேகலா பாஸ் பண்ணல" என்றார் பாய். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை அழுத்திப் பார்த்தேன். வெளுத்தது. விரலை எடுத்ததும் இரத்தம் திரும்பி வந்தது. ஒரே ஒரு நாள் தாமதம். அந்தத் தோலைப் பிய்த்து எறியலாம் போல இருந்தது. சொல்ல மனசே வரவில்லை. சொன்னேன்.

பாய் கொடியிலிருந்த பேண்டைக் கை காட்டினார். பிறகு, "அந்த பேண்ட மாட்டி உக்கார வை. ஸோயாவுக்கு வீடியோ போடு" என்றார்.

"பதினஞ்சு நிமிஷம்தான்" என்றேன்.

பேண்டின் பின்பாக்கெட்டையே பிரித்து எடுத்தேன். மிச்சமிருந்த தையல் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டிவிட்டேன்.