வெளி பெஞ்சில் இரண்டு பேர்

படகுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் மொத்தம் ஏழு பேர். பயணிகள் சார்பில் இருந்தவள் தையல்காரம்மா. ஆற்றின் நடுவே படகு கவிழ்ந்தபோது அவள் பிழைத்தாள், கணவன் பிழைக்கவில்லை. எல்லோரும் லைஃப் ஜாக்கெட் கட்டிக்கொண்டுதான் படகில் ஏற வேண்டும் என்ற ஒரே பரிந்துரைக்காக ஒன்றரை வருடம் தையலைப் போட்டுவிட்டு அலைந்தாள். குழுவின் காலம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று நிறைவேறாவிட்டால் அவ்வளவுதான்.

செயலாளருக்கு எல்லோரும் வைத்த பெயர் பழைய பல்லவி. எந்தக் கூட்டமானாலும் முதலில் அதே கேள்விதான்: "இன்னிக்குப் பேசப்போறதுல உங்களுக்குச் சொந்த லாபநஷ்டம் ஏதாவது இருக்கா?" அதையும் அதிகம் பேசாதவரிடமிருந்துதான் தொடங்குவார். பெரிய அதிகாரி முதலில் வாயைத் திறந்தால் மற்ற வாய்கள் தானாக மூடிக்கொள்ளும் என்பது அவர் அனுபவம்.

பதினேழு கூட்டங்களில் "இல்லைங்க" என்றவள் அன்று தயங்கினாள்.

"போன வாரம் ஒரு கடைக்காரர் வந்தாருங்க. இது நிறைவேறினா ஜாக்கெட் தைக்கிற வேலை எனக்குத்தான்னாரு. மாதிரிக்கு ஒண்ணு தைச்சும் கொடுத்தேன். இதெல்லாம் சொல்லணுமா?"

குழுவில் இருந்த படகு முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று ஆற்றில் கவிழ்ந்தது அவர் படகுதான். "சரியாப் போச்சு. இத்தனை நாள் அழுதது வியாபாரத்துக்கா?"

அவள் முகம் செத்துப்போயிற்று. செயலாளர் மட்டும் அசரவில்லை.

"சொல்லணும்மா. சொல்லிட்டீங்க, எழுதிட்டேன். பேச வேண்டியதைப் பேசுங்க. ஓட்டு எடுக்கும்போது மட்டும் வெளிய இருங்க. முதலாளி, உங்களுக்குப் பதினோரு படகு. நீங்களும்தான்."

மீதி ஐந்து பேர். ஆனாலும் ஏழில் பாதிக்கு மேல், அதாவது நாலு ஓட்டு வேண்டும். அவள் எழுந்து நின்று சுருக்கமாகச் சொன்னாள்:

"அன்னிக்கு அவர் ஜாக்கெட் கேட்டாருங்க. ஆறு இருக்கு, பெட்டியில பூட்டியிருக்குன்னாங்க. நாங்க நாப்பது பேர்."

வெளியே நடைபாதையில் ஒரே ஒரு பெஞ்சு. இந்த ஓரத்தில் அவள், அந்த ஓரத்தில் முதலாளி. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர் தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கடைக்காரன் என் மச்சான். நான்தான் அனுப்பினேன். நீங்க மறைச்சிருந்தா அதை வச்சே தீர்மானத்தைக் கோர்ட்டுல கவுத்திருப்பேன்."

"கவுக்கிறது உங்களுக்குப் புதுசா?" என்றாள்.

அதன் பிறகு அவர் தன் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. "ஆதரவு நாலு, எதிர்ப்பு ஒண்ணு," என்றார் செயலாளர். கூட்டக் குறிப்பை அவளிடம் நீட்டினார். "நீங்க சொன்னது சொன்னபடி இருக்கான்னு பார்த்துக் கையெழுத்துப் போடுங்கம்மா."

தன் பேச்சைச் சலவை செய்து, இஸ்திரி போட்டு, அதிகாரிகள் மொழியில் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தாள். 'பெட்டியில பூட்டியிருக்குன்னாங்க' அப்படியே இருந்தது. கண்ணீர் மறைத்ததால் கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

"நீங்க இன்னிக்கு அதைக் கேக்காம விட்டிருந்தா…" என்று தொடங்கினாள்.

"என்னிக்கும் கேக்கறதுதானேம்மா," என்றார் அவர்.

தைக்கும் வேலை வேறு யாருக்கோ போனது. ஆறு மாதம் கழித்துப் படகில் ஏறியபோது, கையில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டின் மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். தையல் படுமோசம். பக்கத்துப் பெண்ணிடம் அதைக் குறை சொல்லிக்கொண்டே, பழைய பல்லவிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.